எண்களின் ஆட்டம் – 9: மினெய்ராவில் ஆறு நிமிடம்

சென்ற வாரம் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரத்து மீன் காட்சியகத்தில் நின்றோம். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய 7 ஆட்டங்களையும், ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய இறுதி ஆட்டத்தையும் பால் என்ற ஆக்டோபஸ் ஒன்றுகூடப் பிசகாமல் சொன்ன கதை அது. நாணயத்தைச் சுண்டி எட்டையும் சரியாகச் சொல்ல 256-இல் ஒரு வாய்ப்பு உண்டு. அது அரிதுதான், அதிசயம் அல்ல என்று முடித்திருந்தோம்.

அதற்கு முந்தைய வாரங்களில் சந்தித்தவர்களையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் மைதானத்தில் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பாஸையும் குறிக்கத் தொடங்கிய சார்லஸ் ரீப். சதுரங்க வீரர்களுக்காகத் தரப்புள்ளி முறை ஒன்றை வகுத்த இயற்பியலாளர் அர்பாத் ஈலோ. ஒவ்வொரு அணிக்கும் தாக்குதலுக்கு ஓர் எண், தடுப்புக்கு ஓர் எண் என்று 1982-இல் எழுதிக் காட்டிய மைக்கேல் மாஹர். அதைக் கூர்தீட்டி, பந்தயக்காரர்களின் விலையோடு மோதவிட்ட மார்க் டிக்ஸன், ஸ்டூவர்ட் கோல்ஸ் ஆகிய இருவரின் 1997-ஆம் ஆண்டுக் கட்டுரை.

அரை நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்த இந்த மரபு முழுவதும் ஒரே இரவில் சோதனைக்கு வந்தது. இந்த வாரம் அந்த இரவுக்குள் போகிறோம்.

65

2014 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. பிரேசிலின் பெலோ ஹாரிசான்டே நகரம், மினெய்ராவ் அரங்கம். உலகக் கோப்பையின் முதல் அரையிறுதியில் பிரேசிலும் ஜெர்மனியும் மோதுகின்றன. அங்கே மாலை 5 மணி. நம் ஊரில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி.

அன்று ஃபைவ்தர்ட்டிஎய்ட் இணையதளம் பிரேசிலுக்குக் கொடுத்திருந்த வெற்றி வாய்ப்பு 65 சதவீதம்.

இந்த எண்ணை உலகம் மதித்தது. காரணம், அதன் பின்னால் இருந்தவர் நேட் சில்வர். 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் 50 மாநிலங்களிலும் யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னவர் அவர். தொலைக்காட்சிப் பண்டிதர்கள் எல்லாம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, கருத்துக் கணிப்புகளைக் கூட்டிக் கழித்தே அதைச் சாதித்தார். அவருடைய தளத்தை ஈஎஸ்பிஎன் தன் குடையின் கீழ் கொண்டுவந்து, 2014 மார்ச்சில் புதுப் பொலிவோடு வெளியிட்டது. உலகக் கோப்பைதான் அந்தப் புதிய தளத்துக்கு முதல் பெரிய மேடை.

போட்டி தொடங்கும் முன்பே அந்தத் தளம் பிரேசில் கோப்பையை வெல்ல 45 சதவீத வாய்ப்பு என்று சொல்லியிருந்தது. கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் பொருளாதார வல்லுநர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 48.5 சதவீதம் என்றார்கள்.

32 அணிகள் ஆடும் ஒரு போட்டியில், ஒரே அணிக்குக் கிட்டத்தட்டப் பாதி வாய்ப்பு. இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது?

எண் பிறந்த விதம்

சில்வரின் மாடலுக்கு எஸ்பிஐ என்று பெயர். 2010 உலகக் கோப்பையை ஒட்டி ஈஎஸ்பிஎன்னுக்காக அவர் உருவாக்கியது. அடிப்படை மாஹர் போட்டதுதான்: ஒரு சராசரி அணியோடு மோதினால் இந்த அணி எத்தனை கோல் போடும், எத்தனை கோல் வாங்கும்? சில்வர் அதன்மேல் இரண்டு மாடி கட்டினார். நாட்டுக்காக ஆடும் வீரர்கள் தங்கள் கிளப்புகளில் எப்படி ஆடுகிறார்கள் என்பதைச் சேர்த்தார். ஓர் ஆட்டத்தை அணி எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டது, முதல்தர வீரர்களை இறக்கியதா என்பதையும் பார்த்தார். நட்பு ஆட்டத்தில் இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கித் தோற்றதையும், கோப்பை ஆட்டத்தில் முழுப் பலத்தோடு தோற்றதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதல்லவா?

கோல்ட்மேன் சாக்ஸ் வேறு பாதையில் போனது. நட்பு ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு, 1960-லிருந்து நடந்த சர்வதேச ஆட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 14,000 ஆட்டங்கள் தேறின. ஈலோ தரப்புள்ளி வித்தியாசம், அண்மை ஆட்டங்களில் போட்ட கோல், வாங்கிய கோல், சொந்த மண், சொந்தக் கண்டம் ஆகியவற்றை வைத்து ஒவ்வோர் அணியும் எத்தனை கோல் போடும் என்று கணக்கிட்டார்கள்.

பாதை இரண்டாக இருந்தாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். ஏனென்றால் இரண்டு கணக்கிலும் பிரேசிலைத் தூக்கிவிட்டது சொந்த மண்.

அதில் தவறும் இல்லை. அதிகாரபூர்வப் போட்டியில் பிரேசில் சொந்த நாட்டில் கடைசியாகத் தோற்றது 1975-இல். அந்த ஆண்டின் கோபா அமெரிக்கா அரையிறுதியில் பெரு 3-1 என்று வென்றது. அதற்குப் பிறகு 62 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இந்த உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில், அன்றைய உலகச் சாம்பியன் ஸ்பெயினை மாரக்கானாவில் 3-0 என்று புரட்டிப்போட்டிருந்தார்கள். எந்தக் கணக்காளர் இதைப் புறந்தள்ளுவார்?

1975-இல் பெரு பிரேசிலை வீழ்த்திய அரங்கமும் இதே மினெய்ராவ்தான். அந்தத் தகவலுக்கு எந்த மாடலிலும் இடம் கிடையாது, இருக்கவும் கூடாது.

குறுக்குக் கம்பி

அரையிறுதிக்கு 10 நாள் முன்பு, ஜூன் 28. இதே மினெய்ராவ். நாக்-அவுட் சுற்றின் முதல் ஆட்டத்தில் பிரேசிலை எதிர்த்துச் சிலி. ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போய், அதுவும் முடியும் தறுவாயில் இருந்தது. சிலியின் மாற்று வீரர் மௌரிசியோ பினியா பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஓங்கி உதைத்தார். கோல்கீப்பர் ஜூலியோ சேசருக்கு எட்டாத பந்து. கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது.

அதன் பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் பிரேசில் 3-2 என்று தப்பியது. பினியா அந்த உதையைத் தன் முதுகில் பச்சை குத்திக்கொண்டார். பந்து கம்பியில் மோதும் காட்சி, அப்படியே.

பந்து சற்றே தாழ்ந்திருந்தால் பிரேசில் அன்றைக்கே வெளியேறியிருக்கும். ஈலோ முறையில் அது ஒரு டிரா. தரப்புள்ளியில் சிறு சரிவோடு முடிந்துவிடும். ஆனால் அரங்கத்தில் இருந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஷூட்-அவுட்டுக்கு முன்பே பிரேசில் வீரர்கள் சிலர் கண்ணீர் விட்டார்கள். கேப்டன் தியாகோ சில்வா சக வீரர்களை விட்டு விலகி, பந்தின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். சொந்த மண் ஓர் அணியைத் தூக்கிவிடும் என்பது 14,000 ஆட்டங்கள் சொன்ன பாடம். சொந்த மண்ணே பாரமாக அழுத்தும் நாளும் வரலாம் என்பதை அந்த 14,000-இலிருந்து பிரித்தெடுப்பது எளிதல்ல. அந்தச் சராசரிக்குள் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

ஜூலை 4, ஃபோர்ட்டலேசா. காலிறுதியில் கொலம்பியாவை 2-1 என்று பிரேசில் வென்றது. அந்த வெற்றிக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கொலம்பியா கோல்கீப்பர் ஒஸ்பினா பந்தை உதைக்க விடாமல் மறித்த தியாகோ சில்வாவுக்கு மஞ்சள் அட்டை. அது அவருக்கு இரண்டாவது என்பதால் அரையிறுதியில் ஆட முடியாது. ஆட்டம் முடியச் சில நிமிடமே இருந்தபோது, கொலம்பியாவின் சூனிகா பின்னாலிருந்து எகிறியதில் அவர் முழங்கால் நெய்மாரின் முதுகில் இறங்கியது. முதுகெலும்பில் முறிவு. அந்தப் போட்டியில் 4 கோல் போட்டிருந்த நெய்மார் ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார்.

தாக்குதலின் தலைவனும் இல்லை, தடுப்பின் தலைவனும் இல்லை. பந்தயச் சந்தையில் பிரேசிலின் விலை சரிந்து, இரண்டு அணிகளும் ஏறக்குறையச் சரிசமமாக வந்து நின்றன. ஃபைவ்தர்ட்டிஎய்ட் மட்டும் 65-இல் நின்றது.

23, 24, 26, 29

தேசிய கீதம் ஒலித்தபோது டேவிட் லூயிஸும் ஜூலியோ சேசரும் நெய்மாரின் 10-ஆம் எண் சட்டையை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

11-ஆவது நிமிடம். டோனி குரூஸ் கார்னர் எடுக்கிறார். பெட்டிக்குள் நடந்த நெருக்கடியில் டேவிட் லூயிஸ் தன் ஆளைத் தொலைத்துவிட்டார். தாமஸ் முல்லர் தன்னந்தனியாக நின்று, பக்கவாட்டுக் காலால் பந்தை வலைக்குள் தட்டினார். 1-0. இதுவரை எல்லாம் கணக்குக்கு உட்பட்டதுதான். முதல் கோல் வாங்கிய அணி திரும்பி வந்த ஆட்டங்கள் ஏராளம்.

23-ஆவது நிமிடம். மிரோஸ்லாவ் குளோஸ உதைத்த பந்தை ஜூலியோ சேசர் தடுத்தார். திரும்பி வந்த பந்தைக் குளோஸ மறுபடி உதைத்தார், 2-0. உலகக் கோப்பையில் அது அவருடைய 16-ஆவது கோல். பிரேசிலின் ரொனால்டோ வைத்திருந்த 15 கோல் சாதனை பிரேசில் மண்ணிலேயே முறிந்தது.

24-ஆவது நிமிடம். வலப்பக்கமிருந்து லாம் அனுப்பிய பந்து முல்லரைத் தாண்டி வந்தது. குரூஸ் இடக்காலால் ஓங்கி அறைந்தார். 3-0.

26-ஆவது நிமிடம். நடுவில் பந்தை மறுபடி ஆடத் தொடங்கியதும் ஃபெர்னாண்டினியோவின் காலிலிருந்து குரூஸ் அதைப் பறித்தார். கெதீராவுக்குக் கொடுத்து வாங்கி, காலியான வலைக்குள் தள்ளினார். 4-0.

29-ஆவது நிமிடம். கெதீராவும் ஓசிலும் பயிற்சி மைதானத்தில் ஆடுவதுபோலப் பந்தை மாற்றிக்கொள்ள, கெதீரா முடித்தார். 5-0.

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பலர் மூன்றாவது கோலை இரண்டாவதின் மறு ஒளிபரப்பு என்றும், நான்காவதை மூன்றாவதின் மறு ஒளிபரப்பு என்றும் நினைத்ததாகப் பின்னர் சொன்னார்கள். அப்படி நினைப்பதுதான் அறிவுக்கு ஒத்ததாக இருந்தது.

இடைவேளையில் ஜெர்மனி வீரர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்ததாக மாட்ஸ் ஹம்மல்ஸ் பிறகு சொன்னார்: எதிரணியை அவமானப்படுத்தும் வித்தை எதுவும் காட்டாமல், ஒழுங்காக ஆடி முடிப்போம். இரண்டாம் பாதியில் ஷுர்ல 2 கோல் போட்டார். 90-ஆவது நிமிடத்தில் ஆஸ்கர் ஒன்றைத் திருப்பினார். 7-1.

உலகக் கோப்பை அரையிறுதியில் அதற்கு முன் எந்த அணியும் 6 கோல் வித்தியாசத்தில் தோற்றதில்லை. பிரேசில் அவ்வளவு வித்தியாசத்தில் தோற்றது 1920-இல் உருகுவேயிடம் ஒரே ஒரு முறை. 39 ஆண்டுகள் தாங்கிய சாதனை எந்த அரங்கத்தில் பிறந்ததோ அதே அரங்கத்தில் முடிந்தது.

எந்த எண் உடைந்தது?

மறுநாள் எல்லாரும் 65-ஐப் பிடித்துக்கொண்டார்கள். கணினி கவிழ்ந்தது, சில்வர் தோற்றார் என்று எழுதினார்கள். அது நியாயமே இல்லாத குற்றச்சாட்டு. பிரேசிலுக்கு 65 என்றால் ஜெர்மனிக்கு 35. மூன்று முறை ஆடினால் ஒரு முறை ஜெர்மனி ஜெயிக்கும் என்று சொன்ன மாடலை, ஜெர்மனி ஜெயித்ததற்காகத் தண்டிக்க முடியாது.

உடைந்த எண் வேறு. ஆட்டம் முடிந்த பிறகு சில்வரே அதை வெளியில் எடுத்து வைத்தார். பிரேசில் 6 கோல் அல்லது அதற்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்க அவருடைய மாடல் கொடுத்த வாய்ப்பு 0.022 சதவீதம். அதாவது ஏறத்தாழ 4,500-இல் ஒன்று.

தன் தோல்வியை மறைக்காமல் தசமப் புள்ளியோடு பதிப்பித்ததற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆக்டோபஸிடம் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது. பண்டிதர்களிடமும் அரிதாகத்தான் கிடைக்கும்.

இப்போது அந்த 4,500 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கதையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது.

மாஹர் காலத்திலிருந்து கால்பந்து மாடல்களின் முதுகெலும்பு பாய்சான் பரவல்: சராசரி தெரிந்தால், எத்தனை கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கோலும் தனித்தனி நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு கோல் விழுந்ததால் அடுத்த கோலின் வாய்ப்பு கூடவோ குறையவோ கூடாது. சாதாரண ஆட்டங்களில் இது கிட்டத்தட்டப் பொருந்தும். 1-0, 2-1 போன்ற முடிவுகளின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வரும்.

இதே நிபந்தனையை மினெய்ராவில் வைத்துப் பாருங்கள். ஓர் அணி 90 நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்றரை கோல் போடும் என்று கொள்வோம். கோல்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் விழுமானால், ஆட்டத்தின் ஏதோ ஓர் இடத்தில் ஆறு நிமிடத்துக்குள் 4 கோல் விழ வாய்ப்பு சில ஆயிரத்தில் ஒன்று. 23-க்கும் 29-க்கும் இடையில் என்று நேரத்தையும் குறித்துக் கேட்டால் லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது.

ஆனால் அந்த ஆறு நிமிடத்தில் கோல்கள் தனித்தனியாக விழவில்லை. இரண்டாவது கோல் மூன்றாவதை அழைத்து வந்தது. மூன்றாவது நான்காவதை. இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்று பிரேசிலின் தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறி ஓடினார்கள். அவர்கள் விட்டு வந்த இடத்தில் குரூஸும் கெதீராவும் நின்றார்கள். தியாகோ சில்வா இருந்திருந்தால், இரண்டாவது கோலுக்குப் பிறகு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் நிறுத்தி, மூச்சுவிடச் சொல்லியிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஒரு தடுப்பாட்டக்காரரின் மதிப்பு, அவர் தடுக்கும் கோல்களில் மட்டும் இல்லை. முதல் சரிவு அடுத்த சரிவாக மாறாமல் பார்த்துக்கொள்வதிலும் இருக்கிறது. அந்த மதிப்பை எஸ்பிஐ அளக்கவில்லை.

டிக்ஸனும் கோல்ஸும் பாய்சான் கணக்கின் இந்தக் குறையை உணர்ந்தவர்கள்தாம். 1997-இல் அவர்கள் செய்த திருத்தம் எந்த முடிவுகளுக்கு என்று நினைவிருக்கிறதா? 0-0, 1-0, 0-1, 1-1. அட்டவணையின் ஒரு மூலையில் உள்ள நான்கு கட்டங்கள். ஆட்டங்கள் அதிகம் முடிவது அந்த மூலையில்தான் என்பதால் அது நியாயமான தேர்வு. 7-1 என்ற கட்டம் இருக்கும் எதிர் மூலைக்கு யாரும் போகவில்லை.

போயிருந்தாலும் அங்கே என்ன கிடைத்திருக்கும்? 1930 முதல் 2014 முடிய உலகக் கோப்பையில் நடந்த மொத்த ஆட்டங்கள் 836. அவற்றில் பெரிய வித்தியாசங்கள் பெரும்பாலும் பலசாலிக்கும் எளியவருக்கும் நடுவில் வந்தவை: 2002-இல் ஜெர்மனி சவூதி அரேபியாவை 8-0, 2010-இல் போர்ச்சுகல் வட கொரியாவை 7-0. இரண்டு பெரிய அணிகளுக்கு இடையே இப்படி நடப்பது 400-இல் ஒன்றா, 4,000-இல் ஒன்றா, 40,000-இல் ஒன்றா? பிரித்துச் சொல்லப் போதுமான தரவு இல்லை என்று சில்வர் ஒப்புக்கொண்டார்.

கிளப் கால்பந்தில் இந்தப் பஞ்சம் இல்லை. டிக்ஸனும் கோல்ஸும் இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகளில் நடந்த 6,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வைத்து வேலை செய்தார்கள். ஒரு தேசிய அணியோ ஆண்டுக்குச் சுமார் ஒரு டஜன் ஆட்டம் ஆடும். அதிலும் பாதி நட்பு ஆட்டம். நான்கு ஆண்டு கழித்து அடுத்த உலகக் கோப்பை வருவதற்குள் அணியில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். சர்வதேசக் கால்பந்தைக் கணிக்க வருகிற எந்த இயந்திரமும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். இந்தத் தொடரின் மீதிப் பகுதி முழுக்க இதே சுவர் நம்மோடு வரும்.

ஜெர்மனி என்று சொன்ன குரல்

அந்த அரையிறுதியில் ஜெர்மனி ஜெயிக்கும் என்று சொன்ன இயந்திரம் ஒன்று இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் கைப்பேசியில் அப்போதுதான் அறிமுகப்படுத்தியிருந்த பேசும் உதவியாளர், கோர்டானா. நாக்-அவுட் சுற்றின் 16 ஆட்டங்களில் 15-ஐச் சரியாகச் சொன்னது. செயற்கை நுண்ணறிவு உலகக் கோப்பையைக் கணித்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடியது அநேகமாக அப்போதுதான் முதல் முறை.

கோர்டானாவின் குரலுக்குப் பின்னால் இருந்தது மைக்ரோசாஃப்டின் கணிப்புக் குழு. அணிகளின் பழைய வெற்றி தோல்விகள், கோல் வித்தியாசம், சொந்த மண், புல்தரை, வானிலை எல்லாம் கணக்கில் உண்டு. அவற்றோடு இன்னொன்றும் உண்டு: பணம் கட்டிக் கணிக்கும் சந்தைகளின் விலை. நெய்மாரும் சில்வாவும் இல்லை என்ற செய்தி வந்த மாத்திரத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் பணத்தை நகர்த்தினார்கள். அந்த நகர்வை இயந்திரம் படித்தது. மனிதர்களின் பயத்தையும் தரவாக எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். சில்வரின் மாடலுக்கு அந்தக் கதவு இல்லை.

ஆனாலும் 16-க்கு 15 என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நாக்-அவுட்டின் முதல் சுற்றில் ஓர் அபூர்வம் நடந்தது. பிரிவில் முதலிடம் பிடித்த 8 அணிகளும் ஜெயித்தன. பிரிவில் யார் முதலிடம் என்று மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் பள்ளிக்கூடப் பையனுக்கும் எட்டுக்கு எட்டு கிடைத்திருக்கும். காலிறுதியிலும் பெரிய அதிர்ச்சி இல்லை. கோர்டானாவின் உண்மையான சோதனை அரையிறுதி ஒன்றுதான். அதில் அது தேறியது. அதற்குரிய மரியாதையைக் கொடுப்போம், அதற்கு மேல் வேண்டாம்.

அது தவறவிட்ட ஒரே ஆட்டம் எது தெரியுமா? ஜூலை 12, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பிரேசில் ஜெயிக்கும் என்றது. நெதர்லாந்து 3-0 என்று வென்றது. 7-1 நடந்து நான்கே நாளில், அதே சொந்த மண்ணில்.

மறுநாள் மாரக்கானாவில் 113-ஆவது நிமிடத்தில் மாரியோ கோட்ச கோல் போட, அர்ஜென்டினாவை 1-0 என்று வீழ்த்தி ஜெர்மனி கோப்பையைத் தூக்கியது.

மியூனிக்கில் மூன்று பேர்

கோர்டானாவின் ஆரவாரத்தில் ஒரு செய்தி அமுங்கிப்போனது. போட்டி தொடங்குவதற்கு முன்பே ஜெர்மனிக்குத்தான் அதிக வாய்ப்பு என்று எழுதி வைத்திருந்தவர்கள் மியூனிக்கில் இருந்தார்கள். லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர்கள் ஆண்ட்ரியாஸ் குரோல், குந்தர் ஷாவ்பெர்கர், கெர்ஹார்ட் டுட்ஸ். 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கணினியில் போட்டியைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள்.

சொந்த நாட்டைச் சொன்னார்கள் என்று சந்தேகப்பட இடம் உண்டு. கட்டுரையைப் படித்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். முறை வெளிப்படையானது, யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அடியில் இருந்தது அதே பாய்சான்தான்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2018 ஜூன், ரஷ்யாவில் உலகக் கோப்பை. குரோலும் ஷாவ்பெர்கரும் திரும்பி வந்தார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து கிறிஸ்டோஃப் லே, ஹான்ஸ் வான் ஈட்வெல்ட இருவரும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை அவர்கள் கையில் இருந்தது லியோ பிரைமன் 2001-இல் வகுத்த ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறை. தமிழில் காடு என்றே சொல்லிக்கொள்வோம்.

ஊரில் ஒரு நிலத்துக்கு விலை போட வேண்டும். ஒருவர் மண்ணைப் பார்ப்பார், ஒருவர் கிணற்றைப் பார்ப்பார், ஒருவர் ரோடு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். ஒருவரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பல பேரிடம் தனித்தனியாகக் கேட்டுச் சராசரி எடுத்தால் விலை ஓரளவு சரியாக வரும். காட்டின் ஒவ்வொரு மரமும் அப்படி ஓர் ஆள். ஒவ்வொரு மரத்துக்கும் தரவில் ஒரு பகுதியை மட்டும் காட்டுவார்கள். அது தன் கேள்விகளைத் தானே தேர்ந்தெடுத்து ஒரு விடை சொல்லும். எல்லா மரங்களின் விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள்.

எந்தத் தகவல் முக்கியம் என்று மனிதன் முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. நாட்டின் மக்கள்தொகை, தனிநபர் வருமானம், ஃபிஃபா தரவரிசை, பந்தய விலை, வீரர்களின் சராசரி வயது, ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடுவோர் எத்தனை பேர், சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியவர்கள் எத்தனை பேர், பயிற்சியாளரின் வயது, அவர் எந்த நாட்டவர், பதவியில் எவ்வளவு காலம் இருக்கிறார் என எல்லாவற்றையும் உள்ளே கொட்டினார்கள். காடு தானே பொறுக்கிக்கொண்டது.

ஆனால் அது படித்த பாடப் புத்தகம் எவ்வளவு பெரியது? 2002 முதல் 2014 வரை நான்கு உலகக் கோப்பைகள். நாலு அறுபத்துநாலு, 256 ஆட்டங்கள். நாம் முன்னே பார்த்த அதே சுவர். அந்த 256-இல் ஒன்று மினெய்ராவின் 7-1.

போட்டியை ஒரு லட்சம் முறை கணினியில் ஓட்டினார்கள். போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது முடிவு வெளியானது. நடப்புச் சாம்பியன் ஜெர்மனி 17.1 சதவீதம். அதற்கும் மேலே, முதலிடத்தில் ஸ்பெயின், 17.8 சதவீதம். 2014-இன் 45-ஐயும் 48.5-ஐயும் பார்த்த கண்ணுக்கு இந்த எண்களின் அடக்கமே ஒரு முன்னேற்றமாகத் தெரிந்தது. நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 12. அடுத்த பருவத்துக்குத் தங்கள் பயிற்சியாளர் ஹூலன் லோப்பெத்தேகி என்று ரியல் மாட்ரிட் கிளப் அறிவித்தது. அவர் அப்போது ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்சியாளர். அணியோடு ரஷ்யாவில் இருந்தார்.

ஜூன் 13. ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனம் அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. உலகக் கோப்பை தொடங்க ஒரு நாள். போர்ச்சுகலுடன் ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள். அவர் இடத்துக்கு ஃபெர்னாண்டோ இயெரோ வந்தார்.

பயிற்சியாளர் பதவியில் எவ்வளவு காலம் என்பது காட்டுக்குள் போன தகவல்களில் ஒன்று. ஸ்பெயினுக்கு அந்த எண் ஒரே நாளில் சுழியம் ஆனது. மீதித் தகவல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதே வீரர்கள், அதே வயது, அதே தரவரிசை. அப்படியானால் அந்த 17.8-இல் எவ்வளவு மிஞ்சியது? அதற்குச் சற்றே கீழே நின்ற ஜெர்மனியைக் கசான் நகரில் எதிர்கொள்ள வந்த தென் கொரியாவைக் காடு எந்த இடத்தில் வைத்திருந்தது?

(அடுத்த வாரம் தொடரும்)